உரைகல்லும் கல்லாப்பெட்டியும் ஒரே கையில்



சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை. அஸர் தொழுகைக்குப் பின் மக்தப் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி மதரஸா வாசலில் வந்து நின்றார். பந்தல்குடிக்குத் தெற்கே கருவேல மரங்களை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் தொழிலில் இருப்பவர் அவருடைய கணவர். அவருக்கு மதுரையில் இருதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதைத் திறந்து மூன்று பொருள்களை நம் மேசையின்மேல் வைத்தார்: நெளிந்துபோன ஒரு தங்க நெக்லஸ், காகிதத்தில் மடித்த சிவப்புக் கற்கள், பளபளப்பான ஒரு சான்று அட்டை.

"நீங்க கை காட்டுன கடைன்னுதானே அஜ்ரத் போனோம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

மகள் நிக்காஹுக்கென ஏழு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நகை அது. ஐந்து பவுன், அதாவது 40 கிராம் எடை. பில்லில் தங்கம் 36 கிராம், மாணிக்கக் கல் 4 கிராம் என எழுதப்பட்டிருந்தது. கல்லுக்குத் தனி விலை, தங்கத்துக்கு அன்றைய விலை, அதற்குமேல் செய்கூலி, சேதாரம். மருத்துவச் செலவுக்காக விற்கப் போன இடத்தில், அது வேறொரு கடை, கற்களைப் பிரித்தெடுத்து எடை போட்டிருக்கிறார்கள். தங்கம் 31 கிராம் மட்டுமே நின்றது. கல்லும் அதன் அடியில் நிரப்பியிருந்த அரக்குமாக 9 கிராம் போயிற்று. ஐந்து கிராம் அரக்கும் கல்லும் தங்கத்தின் விலைக்கு விற்கப்பட்டிருந்தன. கற்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்த அந்தக் கடைக்காரர், அவை ஆலையில் செய்தவை, தம்மிடம் அவற்றுக்கு விலை இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாம் அந்தச் சான்று அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தோம். 'இயற்கை மாணிக்கம், பரிசோதிக்கப்பட்டது' என்றிருந்தது. பரிசோதனைக்கூடத்துக்கு ஒரு கம்பீரமான பெயர். கீழே முகவரி. நாம் சிபாரிசு செய்த அதே நகைக்கடையின் கதவு எண், மாடி. பிறகு விசாரித்ததில், கீழே கல்லாவில் அமர்பவர் தந்தை, மேலே கல்லைச் சோதித்துச் சான்று தருபவர் மகன் என்று தெரியவந்தது.

அந்தக் கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. விவகாரம் ஜமாஅத்தின் முன் இருக்கிறது. ஒருதரப்பாகப் பெயர் சொல்லித் தூற்றுவது புறமாகவோ அவதூறாகவோ முடியலாம். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கடைக்காரரின் செயலை விட நமது செயல்தான். அதைப் பிறகு சொல்கிறோம்.

மாணிக்கத்தைச் சோதிப்பது சாமானிய மனிதனால் ஆகிற காரியம் அன்று. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுய், அலுமினா தூளை நெருப்புச் சுவாலையில் உருக்கிச் சிவப்புக் கல் செய்யும் முறையை 1902இல் வெளியிட்டார். அந்தக் கல் கண்ணாடி அன்று. மண்ணில் விளைந்த மாணிக்கம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆனது. கடினமும் அதே, ஒளி வளைவதும் அதே. நுண்ணோக்கியில் பார்த்தால் ஆலைக்கல்லில் வளைந்த கோடுகளும் சிறு காற்றுக்குமிழ்களும் தெரியும். மண்ணின் கல்லில் வேறு வகைக் குறைகள் இருக்கும். இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருவர்தான். அவர் சொல்வதே முடிவு. அந்த ஒருவரே கல்லை விற்பவராகவும் இருந்துவிட்டால் வாங்குபவர் யாரிடம் போய்க் கேட்பார்?

இலங்கையில் 1970களில் நடந்ததை நம் கடலோர ஊர்களின் கல் வியாபாரிகள் இன்றும் சொல்வார்கள். காயல்பட்டினம், கீழக்கரை மக்களுக்கும் இலங்கையின் பேருவளை முஸ்லிம்களுக்கும் இரத்தினக்கல் வணிகம் பழகிய தொழில். இரத்தினபுரிப் பக்கத்தில் 'கெவுடா' என்று ஒரு வெளிறிய, பால்நிறக் கல் கிடைக்கும். அதை மதிப்பற்றதென்று ஒதுக்கியிருந்தார்கள். தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை மலிவாக வாங்கிச் சென்றார்கள். உலையில் கடும் வெப்பத்தில் சுட்டால் அதே கல் நீலமாக மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும், விற்றவர்களுக்குத் தெரியாது. சுடுவது குற்றமன்று. இன்று சந்தையில் உள்ள நீலக்கற்களில் பெரும்பாலானவை சுடப்பட்டவையே. சுட்டதை மறைத்து, சுடாத கல்லின் விலைக்கு விற்பதுதான் குற்றம். பொருளிலுள்ள குறையை விற்பவரே வாய்திறந்து சொல்ல வேண்டும் என்பது நமது மார்க்கம். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, ஈரம் அடியில் மறைந்திருந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டதும், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததும் மக்தபின் சிறுபிள்ளைகளுக்கே தெரியும்.

தங்கமும் கல்லும் கலந்த நகையைக் குறித்துத் தெளிவான ஒரு ஹதீஸ் முஸ்லிம் நூலில் உண்டு. கைபர் நாளில் ஃபழாலா இப்னு உபைத் (ரலி) அவர்கள் தங்கமும் மணிகளும் கோத்த ஒரு கழுத்தணியைப் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தபோது அதிலிருந்த தங்கமே பன்னிரண்டு தீனாரை விட அதிகமாக இருந்தது. அதாவது, வாங்கியவருக்கு இலாபம். ஆயினும் நபி (ஸல்) அவர்கள், பிரிக்காமல் விற்கக் கூடாது என்றே சொன்னார்கள். இலாபம் யாருக்கு என்று அங்கே பார்க்கப்படவில்லை. தங்கம் எவ்வளவு, மணி எவ்வளவு என்று தெரியாமல் கைமாறக் கூடாது. இந்த ஹதீஸை நாம் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறோம். ரிபாவின் பாடமாகவே நடத்தினோம். நம் ஊர்ப் பெண்கள் கல் வைத்த அட்டிகை வாங்கும்போது நிகர எடையைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்று ஒருநாளும் அதனோடு சேர்த்துச் சொன்னதில்லை.

தங்கத்துக்கு வருவோம். முன்பு ஆசாரியும் வியாபாரியும் உரைகல்லில் இழைத்து, மாற்றறிந்த ஊசியின் கீற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் 'டச்' பார்ப்பதையே தனித் தொழிலாகச் செய்பவர்கள் உண்டு. பழைய தங்கத்தை உருக்கி, இத்தனை டச் என்று சொல்லிக் கூலி வாங்குவார்கள். அந்தத் தங்கம் யாருக்குப் போனாலும் அவர்களுக்கு ஒன்றுதான். அந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருந்தது. நம் குடும்பங்கள் ஏமாறுவது பெரும்பாலும் வேறிடத்தில். பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகை வாங்குகிறோம். கடைக்காரரே அதைத் தேய்த்துப் பார்க்கிறார், அவரே டச் சொல்கிறார், அவரே கழிவு போடுகிறார், அவரே வாங்கிக்கொள்கிறார். விற்கும்போது 92 என்றிருந்த பொருள் திரும்ப வாங்கும்போது 86 ஆகிவிடுகிறது. இங்கே தரம் பார்ப்பவர் வாங்குபவராக இருக்கிறார். நம் சகோதரியின் கல்லில் தரம் பார்ப்பவர் விற்பவராக இருந்தார். திசை மாறினாலும் கை ஒன்றே. (பழைய தங்கத்தை எடை வித்தியாசத்தோடு புதிய தங்கத்துக்கு நேரடியாக மாற்றுவது மார்க்கத்தில் கூடாது. பழையதைப் பணத்துக்கு விற்று, அந்தப் பணத்தைக் கையில் பெற்று, பிறகு புதியதை வாங்க வேண்டும். அப்படிச் செய்தாலே பழையதன் விலையை இரண்டு கடைகளில் கேட்டுப் பார்க்க வழி பிறக்கும். பேணுதலாகச் செய்யும் காரியத்தில் இப்படி ஒரு பலனும் கிடைக்கிறது.)

அரசின் ஹால்மார்க் முறை இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000ஆம் ஆண்டில் தங்கத்துக்கு அதைத் தொடங்கியது. 2021 ஜூன் 16 முதல், முதற்கட்டமாக 256 மாவட்டங்களில் கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் 1 முதல் எண்ணும் எழுத்தும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: அமைவனத்தின் முக்கோணச் சின்னம், 22 காரட் 916 என்பதுபோல் தரம், அந்த ஆறு இலக்கக் குறி. அந்தக் குறியைக் கைப்பேசியில் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் எந்தக் கடை, எந்த மையம், என்ன தரம் என்று காட்டும். முத்திரையிடும் மையம் விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாம் தரப்பாக இருக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர்.

அங்கே சோதனை எப்படி நடக்கிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. எக்ஸ் கதிர் இயந்திரம் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். மேலே நல்ல தங்கம் பூசி உள்ளே மட்டமாக இருந்தால் அது ஏமாறலாம். நெருப்புச் சோதனை அப்படியன்று. நகையில் ஒரு துளி வெட்டியெடுத்து, வெள்ளி சேர்த்து ஈயத்தில் பொதிந்து உலையில் இடுவார்கள். ஈயம் உருகி மற்ற மட்ட உலோகங்களை இழுத்துக்கொண்டு மூசைக்குள் போய்விடும். எஞ்சிய மணியிலுள்ள வெள்ளியை நைட்ரிக் திராவகம் கரைக்கும். நிற்பது தங்கம் மட்டும். அதை நிறுத்துப் பார்ப்பார்கள். அந்தத் தராசு யாருக்கும் உறவில்லை.

ஹால்மார்க் நகையில் தரம் குறைந்தால், குறைந்த அளவுக்குரிய தொகையைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் விதி சொல்கிறது. நம் சகோதரிக்கு அது உதவாது. அவருடைய நகையில் ஹால்மார்க் இல்லை. '916 கேடிஎம்' என்று பில்லில் கையால் எழுதியது மட்டும்தான். ஒன்றை மறக்கக் கூடாது: ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டுமே சாட்சி. அதில் பதித்த கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இரண்டு கிராமுக்குக் குறைந்தவற்றுக்கும் குந்தன், போல்கி, ஜடாவ் வகைகளுக்கும் அது கட்டாயமும் இல்லை.

கல்லுக்கு உலகளவில் பெயர்பெற்ற சோதனை நிறுவனம் அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. 1931இல் தொடங்கப்பட்டது. அது கல் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை, சான்றில் விலை எழுதுவதுமில்லை. ஆயினும் 2005இல் அங்கேயும் ஒரு களங்கம் வந்தது. தரத்தைக் கூட்டிக் காட்ட வியாபாரிகளிடம் பணம் பெற்றார்கள் என்ற புகார் எழுந்து, உள் விசாரணைக்குப் பின் நான்கு ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். ஈ.ஜி.எல். பெயரில் வந்த சான்றுகள் வைரத்தின் தரத்தை மிகைப்படுத்துகின்றன என்ற குற்றச்சாட்டு பெருகியபோது, ராப்நெட் என்ற வைரச் சந்தை 2014 அக்டோபர் 1 முதல் அவற்றைப் பட்டியலிடுவதையே நிறுத்தியது. இந்த இரண்டிலும் சோதித்தவர் கடை வைத்திருக்கவில்லை. ஆனால் சோதனைக்குக் கட்டணம் தருபவர் விற்பவர்தான். சான்று தருபவருக்கு விற்பவரின் பணம் எந்த வழியில் போனாலும், அந்தச் சான்றின் நிறம் மாறத் தொடங்கிவிடுகிறது.

நம் கரிசல் காட்டு விவசாயிகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பருத்தியைக் கமிஷன் மண்டியில் இறக்கிய காலத்தில், இழையை இழுத்துப் பார்த்துத் தரம் சொன்னவரும், தராசைப் பிடித்தவரும், முன்பணம் கொடுத்திருந்தவரும், வாங்கியவரும் ஒருவரே. மதராஸ் மாகாணம் 1933இல் வணிகப்பயிர்ச் சந்தைச் சட்டம் கொண்டு வந்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு வழி செய்ததற்கு இதுவே காரணம். மல்லியும் வத்தலும் கொண்டுபோகும் நம் ஆட்கள் இன்றும் தராசைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இனி, நம்முடைய பங்குக்கு வருவோம்.

அந்தக் கடைக்காரர் சில ஆண்டுகளுக்கு முன் நமது மதரஸாவுக்கு ஆறு மின்விசிறிகள் வாங்கித் தந்தார். ரமலானில் பிள்ளைகளுக்கு உடைகள் தந்தார். அகீக் கல் பதித்த ஒரு வெள்ளி மோதிரத்தை நமக்கு ஹதியாவாகத் தந்தார். நாமும் மகிழ்ந்து அணிந்துகொண்டோம். அதற்குப் பின், நிக்காஹ் பேச வரும் குடும்பங்கள் எங்கே நகை எடுப்பது என்று கேட்கும்போதெல்லாம், "அவர் தீன்தாரி, நம்பி எடுக்கலாம்" என்று சொன்னோம். எத்தனை பேரிடம் சொன்னோம் என்ற கணக்கு நம்மிடம் இல்லை. அவருடைய கடையில் ஒரு பில்லைக்கூட நாம் வாசித்துப் பார்த்ததில்லை. காசு எதுவும் வாங்கவில்லை என்று மனம் வாதாடியது. ஆனால் நாமும் ஒரு சான்று அட்டையாகத்தானே இருந்திருக்கிறோம்? மாடியில் இருந்த மகனுக்கும் மிம்பரின் அடியில் இருந்த நமக்கும் என்ன வேறுபாடு?

ஸகாத் வசூலிக்க பனூ சுலைம் கூட்டத்தாரிடம் அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா (ரலி) என்ற தோழர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்து வைத்தார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்தச் செய்தியை நாம் எத்தனையோ ஜும்ஆ பயான்களில் அரசு அலுவலர்களை எண்ணிச் சொல்லியிருக்கிறோம். நாம் ஆசிரியராக இல்லாமல் கரிமூட்டம் போடுபவராக இருந்திருந்தால், அந்த மோதிரம் நம் விரலுக்கு வந்திருக்காது.

ஹனஃபி ஃபிக்ஹில் தந்தைக்காக மகன் சொல்லும் சாட்சியமும், மகனுக்காகத் தந்தை சொல்லும் சாட்சியமும் ஏற்கப்படுவதில்லை. கூட்டு வியாபாரத்தில் பங்காளிக்காகப் பங்காளி சொல்லும் சாட்சியமும் அப்படியே. சொல்பவர் பொய்யர் என்பதால் அன்று; சாட்சியத்தின் பலன் அவர் வீட்டுக்கே வந்து சேர்வதால். 'நலன் முரண்' என்று நாளேடுகள் இன்று எழுதுவதை இமாம்கள் சாட்சியத்தின் பாடத்திலேயே வைத்துவிட்டார்கள். நாம் அதை மனப்பாடம் செய்து பட்டயமும் வாங்கியிருக்கிறோம்.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பின், அந்தச் சகோதரியின் கொழுந்தனாரையும் ஜமாஅத் செயலாளரையும் அழைத்துக்கொண்டு கடைக்குச் சென்றோம். கடைக்காரர் நம்மை எழுந்து நின்று வரவேற்றார். கணக்கை முன்வைத்தோம். நீண்ட நேரத்துக்குப் பின், ஐந்து கிராம் தங்கத்துக்கு இன்றைய விலையைத் தர ஒப்புக்கொண்டார். அப்படியே அன்று மாலையே அனுப்பியும் விட்டார். கல்லைப் பற்றி அவர் அசையவில்லை. "கல்லுக்கு ரிட்டன் கிடையாது அஜ்ரத், பில்லிலேயே போட்டிருக்கு" என்றார். உண்மைதான், பில்லின் அடியில் சிற்றெழுத்தில் இருந்தது. எழுந்து வரும்போது மோதிரத்தைக் கழற்றி அவருடைய மேசைமேல் வைத்தோம். அவர் முகம் வாடியதைப் பார்க்க நமக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் அந்த மோதிரத்தை வஞ்சக எண்ணத்தோடு தந்தார் என்று இன்றும் சொல்லமாட்டோம்.

இப்போது நம்மிடம் கடை கேட்டு வருபவர்களிடம் பெயர் சொல்வதில்லை. மூன்று காரியங்களைச் சொல்லி அனுப்புகிறோம். மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் பில்லில் தனித்தனியே அச்சாக வேண்டும். ஆறு இலக்கக் குறியைக் கடையிலேயே கைப்பேசியில் சரிபார்க்க வேண்டும். கல்லுக்குச் சான்று தந்தால், தந்தவரின் முகவரியை வாசிக்க வேண்டும். மஹராகத் தரும் நகைக்கு இது இன்னும் அவசியம்; அது அந்தப் பெண்ணின் உரிமை, அவர் அறியாமல் குறைவது அமானிதத்தில் குறைவது. ஸகாத்தின் கணக்கும் இதில்தான் நிற்கிறது. நிஸாப் ஏறத்தாழ பதினொரு பவுன். அரக்கின் எடைக்கும் சேர்த்து ஸகாத் கொடுத்துவந்த குடும்பங்கள் நம் மஹல்லாவில் எத்தனையோ.

மற்ற குடும்பங்களிடமும் பில்லை எடுத்து வரச் சொன்னோம். இதுவரை ஒன்பது வீட்டார் கொண்டு வந்திருக்கிறார்கள். அவற்றில் நான்கில் கல் எடை தனியாக எழுதப்படவே இல்லை. அந்த நகைகளைப் பிரிக்காமல் சொல்ல முடியாது. பிரித்தால் செய்கூலி போய்விடும். அவர்கள் யோசிக்கிறார்கள்.

அந்தச் சகோதரியின் கணவருக்குச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். குறைந்த தொகையை ஜமாஅத்தில் சிலரும் அவருடைய அண்ணன்மாரும் சேர்ந்து கட்டினார்கள். ஆலைக்கற்கள் இன்னும் காகிதப் பொட்டலத்தில் நம் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. அவர் திரும்பக் கேட்கவில்லை.

மின்விசிறிகள் பற்றி ஜமாஅத்தில் முடிவாகவில்லை. கழற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். அவை பிள்ளைகளுக்கு அல்லாஹ்வுக்காகத் தந்த ஸதகா, அவற்றைத் தொடக் கூடாது என்கிறார்கள் வேறு சிலர். விசிறிக்கு உரிய விலையை அந்த நான்கு குடும்பங்களுக்கென ஒதுக்கி வைக்கலாம் என்பது செயலாளரின் யோசனை. நம்மைக் கேட்டார்கள். இதில் நாம் ஒரு தரப்பு, நம் கருத்தைக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டோம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் மீண்டும் கூடுகிறார்கள்.